மழைக்கு முன்னால் முடிய வேண்டும்: நகராட்சியின் சூழல் வேலைகளுக்குத் திட்டம் போடக் கற்றுக்கொள்வது எப்படி

தென்னாப்பிரிக்காவில், எங்கள் டர்பனில், நகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1 அன்று தொடங்குகிறது. மழைக்காலம் அக்டோபரில் தொடங்குகிறது. நடுவில் இருப்பது மூன்றே மாதம். ஓடையைத் தூர்வாருவது, சிறுபாலத்து அடைப்பை எடுப்பது, கரை சரியாமல் கல் அடுக்குவது எல்லாமே காய்ந்த குளிர்காலத்துக்குள் முடிய வேண்டிய வேலைகள். ஆனால் ஜூலையில் பணம் வந்த பிறகுதான் டெண்டர் தாளை எழுதவே உட்காருவோம் என்றால், ஒப்பந்தக்காரர் மண்வெட்டியோடு வந்து இறங்கும்போது ஓடையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். நகராட்சிச் சூழல் வேலையில் திட்டமிடுதல் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இந்தக் கணக்கைத்தான்.

நான் டர்பனின் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். நம் பிள்ளைகள் பலர் சுற்றுச்சூழல், நகரமைப்பு, சிவில் என்று படித்து முடித்து டர்பனை நிர்வகிக்கும் எத்தெக்வினி மாநகராட்சியிலோ அதற்கு வேலை செய்யும் ஆலோசனை நிறுவனங்களிலோ சேர ஆசைப்படுகிறார்கள். சூழல் பற்றிக் கேட்டால் நன்றாகப் பேசுகிறார்கள். "சரி, இந்த ஓடையைச் சரிசெய்ய எத்தனை நாள் ஆகும், யார் செய்வார்கள், பணம் எங்கிருந்து வரும், முடிந்த பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்று கேட்டால் தடுமாறுகிறார்கள். அவர்களுக்காகவும், வார்டு கமிட்டிகளிலும் கோயில் இளைஞர் குழுக்களிலும் இருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

இது அவசரமான விஷயம் என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் கொட்டிய மழையில் எங்கள் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். டோங்காட்டின் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் வெள்ளத்தில் சிதைந்தது, அங்கிருந்த நம் குடும்பங்கள் மாதக்கணக்கில் வாளியோடு டாங்கர் லாரிக்குக் காத்திருந்தன. அந்த அளவு மழையை எந்தத் திட்டமும் நிறுத்தியிருக்காது. ஆனால் எங்கெல்லாம் சிறுபாலம் குப்பையும் மரக்கிளையும் அடைத்துக் கிடந்ததோ அங்கெல்லாம் தண்ணீர் சாலையைத் தாண்டி வீட்டுக்குள் போனதை நாமே பார்த்தோம், இல்லையா?

கோயில் நோட்டுப் புத்தகத்திலிருந்து ஆரம்பியுங்கள்

முதலில் எந்தக் கோர்ஸிலும் சேர வேண்டாம். உங்கள் கோயில் கமிட்டியில் காவடித் திருவிழாவையோ, ஆடி மாதக் கூழ் ஊற்றும் பூஜையையோ (இங்கே எல்லோரும் பாரிட்ஜ் பிரேயர் என்கிறோமே, அதைத்தான் சொல்கிறேன்) நடத்துகிறவர் பக்கத்தில் ஒரு மாதம் உட்காருங்கள்.

எங்கள் கோயிலில் சமையலறையைப் பார்த்துக்கொள்ளும் மாமியிடம் ஒரு நீளமான கணக்கு நோட்டு இருக்கிறது. அட்டையில் மஞ்சள் கறை. உள்ளே ஒவ்வொரு பக்கத்திலும் மேலே திருவிழா நாள், அதற்குக் கீழே பின்னோக்கி எண்ணிய நாட்கள்: முந்தின நாள் இரவு காய் நறுக்க எத்தனை பேர், இரண்டு நாளுக்கு முன் கேஸ் சிலிண்டர், ஒரு வாரத்துக்கு முன் பந்தல், மூன்று வாரத்துக்கு முன் போக்குவரத்துக் காவலர்களிடம் அனுமதி, இரண்டு மாதத்துக்கு முன் நன்கொடைக் கடிதம். பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் போன ஆண்டு எது தவறிப்போனது என்று எழுதியிருக்கிறார். "தண்ணி டாங்க் 10 மணிக்கு வந்தது, 6க்கு வரச் சொல்." அவருக்குத் திட்ட மேலாண்மை என்ற சொல்லே தெரியாது. முடிவு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவது, ஒரு வேலை எந்த வேலைக்காகக் காத்திருக்கிறது என்று பார்ப்பது, கெட்டுப்போகக்கூடியதை முன்கூட்டியே எழுதுவது, முடிந்த பிறகு கற்றதைக் குறித்து வைப்பது என்று பாடப் புத்தகங்கள் சொல்வது அத்தனையும் அந்த நோட்டில் இருக்கிறது.

உங்கள் முதல் பயிற்சியையும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம். அடுத்த கூழ் பூஜையில் எத்தனை பிளாஸ்டிக் தட்டும் குவளையும் குப்பைக்குப் போகின்றன என்று மூட்டை மூட்டையாக எடை போடுங்கள். அடுத்த ஆண்டுக்கு அதைப் பாதியாக்க ஒரு திட்டம் எழுதுங்கள்: ஸ்டீல் தம்ளர் வாங்குவதா, வாடகைக்கா, கழுவ எத்தனை கை, எத்தனை வாளித் தண்ணீர், கழுவிய நீர் எங்கே போகும். இந்தச் சின்ன விஷயத்திலேயே பணம், ஆள், நேரம், தண்ணீர் நான்கும் ஒன்றோடொன்று இழுபறி செய்வதைப் பார்ப்பீர்கள்.

ஓடையைப் பார்க்காமல் எழுத வேண்டாம்

அடுத்து, உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். நகரம் முழுவதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு சிறுபாலம் போதும், அதற்கு மேலே ஒரு கிலோமீட்டர் ஓடை போதும்.

மழை பெய்து முடிந்த மறுநாள் காலையில் போய் நில்லுங்கள். பாலத்துக் குழாயின் விட்டம் என்ன, அதில் எவ்வளவு உயரத்துக்கு மண் படிந்திருக்கிறது, பக்கத்துச் சுவரில் நனைந்த கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று அளவு நாடாவால் அளந்து எழுதிக்கொண்டு, ஒரே இடத்தில் நின்று ஒவ்வொரு முறையும் ஒரே கோணத்தில் படம் எடுங்கள். பிறகு மேலே நடந்து போங்கள். குழாயில் சிக்கியிருக்கும் மெத்தையும் டயரும் அங்கே பிறந்தவை அல்லவே, எங்கிருந்து வருகின்றன? கரையில் உண்ணிச்செடி, ஆமணக்கு, மலைவேம்பு அடர்ந்திருக்கிறதா? யார் வீட்டுக் கொல்லை ஓடைக்குள் நீண்டிருக்கிறது? கழிவுநீர் ஆள்துளையிலிருந்து வழிகிறதா? மழைநீர் வடிகால் ஒரு துறை, கழிவுநீர் வேறு துறை, பூங்கா இன்னொரு துறை, குப்பை நான்காவது துறை என்பது ஒரு கிலோமீட்டர் நடந்து முடிப்பதற்குள் உங்களுக்கே விளங்கிவிடும். எத்தனை துறை சேர வேண்டும் என்பதுதான் இந்த வேலைகளில் காலம் பிடிக்கும் சங்கதி.

நடந்து வந்த பிறகு ஒரு வாக்கியம் எழுதுங்கள். "ஓடையைச் சுத்தம் செய்ய வேண்டும்" என்று எழுதினால் அது நீங்கள் செய்யப்போகும் வேலையைச் சொல்கிறது, அதனால் யாருக்கு என்ன கிடைக்கும் என்பதைச் சொல்லவில்லை. "அடுத்த கோடை மழையில் இந்தத் தெருவின் கீழ்ப்பக்க வீடுகளுக்குள் தண்ணீர் ஏறக்கூடாது, அதற்குப் பாலத்துக் குழாய் மார்ச் வரை முக்கால் பங்காவது திறந்திருக்க வேண்டும்" என்று எழுதினால் அதை அளந்து பார்க்க முடியும், வெற்றியா தோல்வியா என்று சண்டை போடாமல் சொல்லவும் முடியும். இந்த ஒரு வாக்கியத்துக்கு ஒரு வாரம் செலவழித்தாலும் வீண் இல்லை.

வேலையை உடைப்பது

பெரிய வேலையைத் துண்டு துண்டாக உடைப்பதைப் பற்றி நிறைய எழுத வேண்டியதில்லை. ஒரு ஆளோ ஒரு குழுவோ ஒரு வாரத்தில் முடிக்கக்கூடிய அளவு வரும்வரை உடையுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் முடிவில் கையில் பிடிக்கக்கூடிய ஒன்று இருக்க வேண்டும்: ஒரு வரைபடம், ஒரு கையெழுத்து, அகற்றிய மண்ணின் எடைச்சீட்டு. "ஒருங்கிணைப்பு" என்று ஒரு துண்டு இருந்தால் அதை அடித்துவிட்டு யார் யாரோடு எதைப் பேசி என்ன முடிவு வாங்க வேண்டும் என்று எழுதுங்கள். ஒட்டும் மஞ்சள் தாளில் ஒவ்வொன்றாக எழுதிச் சுவரில் ஒட்டி, "இது முடியாமல் அது தொடங்காது" என்பதற்கு அம்புக்குறி போடுங்கள். எந்தச் சங்கிலி மிக நீளமோ அதில் ஒரு நாள் தவறினால் எல்லாமே ஒரு நாள் தவறும். அந்தச் சங்கிலியைச் சிவப்பில் வரையுங்கள். அதுதான் நெருக்கடிப் பாதை.

பின்னாலிருந்து எண்ணும் நாட்காட்டி

இங்கேதான் கொஞ்சம் நிதானமாக இருக்கச் சொல்கிறேன், ஏனென்றால் இணையத்தில் கிடைக்கும் திட்டமிடல் பாடங்கள் எதுவும் தென்னாப்பிரிக்க நகராட்சியின் நாட்காட்டியைச் சொல்லித் தருவதில்லை.

செப்டம்பர் 30க்குள் வேலை முடிய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். களவேலை ஆறு வாரம் என்றால் ஆகஸ்ட் நடுவில் தொடங்க வேண்டும். அதற்கு முன் பாதுகாப்புக் கோப்பு, இடத்தை ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைப்பது, உள்ளூர் ஆட்களைச் சேர்ப்பது எல்லாம் சேர்த்து மூன்று வாரம் வையுங்கள், ஜூலை கடைசிக்கு வந்துவிட்டோம். டெண்டர் முடிவை எதிர்த்து மனுக் கொடுக்க 14 நாள் அவகாசம் உண்டு. அதற்கு முன், வந்த விலைகளை மதிப்பிட ஒரு குழு, முடிவெடுக்க இன்னொரு குழு; இதற்கு இரண்டு மாதம் போட்டால் ஏமாற மாட்டீர்கள். விளம்பரம் குறைந்தது 14 நாள் இருக்க வேண்டும். 1 கோடி ராண்டுக்கு மேற்பட்ட வேலைக்கும் நீண்டகால ஒப்பந்தத்துக்கும் 30 நாள். விளம்பரத்துக்கு முன் தாளைச் சரிபார்க்க மூன்றாவதாக ஒரு குழு இருக்கிறது. எல்லாவற்றையும் கழித்தால் மார்ச் மாதத்தில் உங்கள் அளவுகளும் வரைபடமும் தயாராக இருக்க வேண்டும். அதாவது அளக்கும் வேலை ஜனவரி, பிப்ரவரியில், மழைக்காலத்தின் நடுவிலேயே நடந்தாக வேண்டும். அதுவும் நல்லதுதான், தண்ணீர் எங்கே ஏறுகிறது என்று அப்போதுதானே தெரியும்.

இதில் சூழல் அனுமதியை இன்னும் சேர்க்கவில்லை. நீரோடையிலிருந்து 10 கன மீட்டருக்கு மேல் மண்ணை எடுத்தாலோ கொட்டினாலோ 1998ஆம் ஆண்டின் தேசியச் சூழல் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் அனுமதி தேவைப்படும். 10 கன மீட்டர் என்பது ஒரு பெரிய டிப்பர் லாரி, அவ்வளவுதான். அடிப்படை மதிப்பீடு என்ற எளிய வழியிலேயே போனாலும், விண்ணப்பித்த பிறகு அறிக்கை கொடுக்க 90 நாள், அதிகாரிகள் முடிவெடுக்க 107 நாள், மொத்தம் 197 நாள் வரை சட்டமே இடம் கொடுக்கிறது. ஆகஸ்ட் நடுவிலிருந்து 197 நாள் பின்னால் எண்ணினால் ஜனவரி கடைசி. அதற்கும் முன்னால் நிபுணர் ஆய்வு இருக்கும், தண்ணீர்ச் சட்டத்தின் கீழ் வாங்க வேண்டிய அனுமதி தனி. ஆக, இந்தச் செப்டம்பரில் முடிய வேண்டிய வேலைக்குப் போன செப்டம்பரிலேயே பேனாவை எடுத்திருக்க வேண்டும்.

இதற்கு ஒரு நல்ல வழியும் உண்டு. ஓடைகளுக்கு ஒரு பராமரிப்பு மேலாண்மைத் திட்டத்தை முன்கூட்டியே எழுதி அங்கீகாரம் வாங்கி வைத்திருந்தால், அந்தத் திட்டத்தின்படி செய்யும் பராமரிப்புக்கு மேலே சொன்ன மண் அனுமதியை ஒவ்வொரு முறையும் வாங்க வேண்டியதில்லை. அதேபோல ஒவ்வொரு ஆண்டும் புதுசாக டெண்டர் விடுவதைவிட மூன்றாண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டுவிட்டால் ஜூலை 1 பற்றிய பயமே குறைந்துவிடும். மூன்றாண்டைத் தாண்டினால் வேறு நடைமுறை, 60 நாள் பொதுமக்கள் கருத்துக் கேட்பு எல்லாம் உண்டு. அதனால்தான் மூன்றில் நிறுத்துகிறார்கள்.

நகராட்சியின் சொந்த நாட்காட்டியையும் சுவரில் மாட்டுங்கள். ஐந்தாண்டுக்கான ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டம், எல்லோரும் ஐடிபி என்பது, 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு நகராட்சியும் வைத்திருக்க வேண்டியது, ஆண்டுதோறும் திருத்தப்படுவது. அதில் உங்கள் வேலைக்கு இடம் இல்லாமல் பணம் வராது. அடுத்த ஆண்டு பட்ஜெட்டுக்கான கால அட்டவணை ஆகஸ்டிலேயே நகராட்சி மன்றத்துக்கு வருகிறது. வரைவு பட்ஜெட் மார்ச் கடைசியில், மக்கள் கருத்துச் சொல்லும் கூட்டங்கள் பெரும்பாலும் ஏப்ரலில், மன்றம் இறுதி செய்வது மே கடைசியில். ஜனவரி 25க்குள் அரையாண்டு மதிப்பீடு நடக்கும், அதன் பிறகு பிப்ரவரியில் பட்ஜெட்டைத் திருத்துவார்கள். எங்கோ செலவாகாமல் தூங்கும் பணம் தயாராக இருக்கும் வேலைக்கு மாறுவது அப்போதுதான். கையில் அளவோடும் விலையோடும் ஒரு முழுமையான தாள் வைத்திருப்பவருக்கு அந்த மாதத்தில் கதவு திறக்கும்.

இன்னொன்று. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் தாண்டும் வரை கட்டுமானத் துறை முழுவதும் மூடிக் கிடக்கும். அந்த மூன்று வாரத்தைத் திட்டத்தில் வெள்ளையாக விடுங்கள். ஈஸ்டரையும் பாருங்கள், இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் பக்கம் அந்த நாட்களில் திருவிழாக் கூட்டத்தில் பக்கி என்கிற சின்னச் சரக்கு வண்டிகூட நுழைய முடியாது.

செப்டம்பரில் நட்ட மரங்கள்

நாட்காட்டியை மதிக்காமல் நானே பட்ட அடியைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் இளைஞர் குழு ஓடைக் கரையில் மரம் நட்டது. செப்டம்பர் முதல் வாரம் மரம் நடும் வாரம், தென்னாப்பிரிக்கா முழுவதும் கொண்டாடுவது, எல்லோருக்கும் அந்தத் தேதிதான் வசதி. நட்டோம், படம் எடுத்தோம், பன்னி சௌ சாப்பிட்டோம், போய்விட்டோம். அந்த ஆண்டு மழை அக்டோபர் கடைசிவரை சரியாக வரவில்லை. தண்ணீர் ஊற்ற யார் பெயரும் எழுதப்படவில்லை. நவம்பரில் போய்ப் பார்த்தபோது பாதிக்கு மேல் குச்சியாக நின்றது, ஒரு கன்றைக் கையால் தொட்டேன், அப்படியே முறிந்தது. அதை விதையிலிருந்து வளர்த்துக் கொடுத்த ஆயாவுக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது நான் எழுதும் எந்த மரத் திட்டத்திலும் நடும் நாளுக்கு ஒரு வரி, அதற்குப் பிந்திய மூன்று ஆண்டுக்கு ஒரு பக்கம். யார் தண்ணீர் ஊற்றுவது, களை எப்போது எடுப்பது, இறந்த கன்றுக்குப் பதில் கன்று எங்கிருந்து, எந்த மாதம் எண்ணிக்கை எடுப்பது. இதைச் சரியாகச் செய்த ஒரு எடுத்துக்காட்டு நம் பக்கத்திலேயே இருக்கிறது. 2010 உலகக் கோப்பை கால்பந்துப் போட்டியால் டர்பனில் வெளியாகும் கார்பனை ஈடுகட்ட வேண்டும் என்று 2008இல் பஃபெல்ஸ்ட்ராய் குப்பை நிரப்புமிடத்தைச் சுற்றியுள்ள நிலத்தில் காடு வளர்க்கத் தொடங்கினார்கள். கன்றுகளை நர்சரியில் வாங்கவில்லை. சுற்றியிருக்கும் கிராமத்து மக்கள் விதை சேர்த்து வீட்டு முற்றத்தில் வளர்த்துக் கொடுத்தார்கள், அதற்கு ஈடாக உணவுப் பொருள், சைக்கிள், பள்ளிக் கட்டணம் என்று பெற்றார்கள். போட்டி ஒரு மாதத்தில் முடிந்துவிட்டது, காடு வளர்ப்பு அதோடு நிற்கவில்லை. பக்கத்தில் இருப்பவர்களின் பிழைப்பை அதில் கட்டியிருந்தார்கள், அதனால்தான்.

பணத்தில் இரண்டு வகை

மூலதனச் செலவு, நடப்புச் செலவு. இந்த இரண்டையும் பிரிக்கத் தெரியாமல் நகராட்சி வேலைக்குள் போகாதீர்கள். குழாய் பதிக்க, விளக்கு மாற்ற ஒரு பெட்டியிலிருந்து பணம் வருகிறது. அதைச் சுத்தமாக வைக்க, பழுதுபார்க்க வேறு பெட்டி, அந்தப் பெட்டி எப்போதும் சின்னது. புதுசாக ஒன்றைத் திறந்து வைக்கிறவர்கள் அந்த இரண்டாவது பெட்டியைக் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பழக ஒரு பயிற்சி. ஒரு தெருவில் 150 வாட் சோடியம் விளக்குகள் 100 இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றை 60 வாட் எல்இடியாக மாற்றினால் ஒரு விளக்குக்கு 90 வாட் மிச்சம். இரவுக்கு 11 மணி நேரம், 365 நாள், 100 விளக்கு என்று பெருக்கினால் ஆண்டுக்கு 36,135 யூனிட். இங்கே மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிலிருந்து வருவதால் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 1 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று எடுத்துக்கொள்ளலாம், ஆக 36 டன் மிச்சம். நகராட்சி கட்டும் மின் விலையால் பெருக்கினால் ராண்டில் சேமிப்பு. விளக்கின் விலை, மாற்றும் கூலி, கிரேன் வாடகை கூட்டினால் செலவு. வகுத்தால் எத்தனை ஆண்டில் போட்ட பணம் திரும்பும் என்று வரும். இதை விரிதாளில் ஒரு மாலையில் செய்யலாம். அப்புறம் அதே தாளில் இன்னொரு வரி சேருங்கள்: கம்பி திருட்டு. ஆண்டுக்கு எத்தனை விளக்கு திருட்டால் அணையும், அதை மீட்க என்ன செலவு என்று போட்டால் கணக்கு மாறும். அந்த வரியைப் போடத் தெரிந்தவரைத்தான் பொறியாளர்கள் நம்புவார்கள்.

ஜூன் 30க்குள் செலவாகாத மானியப் பணத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக அனுமதி கிடைக்காவிட்டால் திரும்பக் கொடுக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். மே மாதத்தில் அவசர அவசரமாக நடக்கும் பல வேலைகளின் பின்னணி அதுதான்.

ஆட்களை எழுதுங்கள், பெயர் பெயராக

வார்டு கவுன்சிலர், அவரோடு 10 பேர் வரை கொண்ட வார்டு கமிட்டி, களத்தில் சிஎல்ஓ என்று அழைக்கும் சமூகத் தொடர்பாளர், துறைப் பொறியாளர், ஓடைக்கரையில் குடிசை போட்டிருப்பவர்கள், கொல்லை வைத்திருப்பவர்கள். ஒவ்வொருவருக்கும் இந்த வேலையால் என்ன கிடைக்கும், என்ன போகும் என்று இரண்டு கட்டம் போட்டு எழுதுங்கள். "என்ன போகும்" என்ற கட்டத்தை நேர்மையாக நிரப்புவது கஷ்டம். அதை நிரப்பாமல் விட்டதால்தான் நல்ல திட்டங்கள் பல கசந்து போயின.

கிளேர் எஸ்டேட்டில் பிசாசர் ரோடு குப்பை மேட்டை நினைத்துப் பாருங்கள். 1980இல், இந்தியர்கள் வாழும் பகுதியென்று நிறவெறி ஆட்சி ஒதுக்கிய இடத்தில் திறந்தது. பிற்காலத்தில் அங்கே குப்பையிலிருந்து வரும் மீத்தேன் வாயுவைப் பிடித்து மின்சாரம் எடுக்கும் திட்டம் வந்தது, தொழில்நுட்பமாகப் பார்த்தால் அருமையான வேலை, உலகம் முழுவதும் பேசினார்கள். ஆனால் எதிரே வாழ்ந்தவர்கள் கேட்டது வாயு மின்சாரத்தை அல்ல, குப்பை மேட்டை மூடுவதை. அவர்களில் ஒருவரான சஜிதா கான் பல ஆண்டுகள் அதற்காகப் போராடி 2007இல் புற்றுநோயால் இறந்தார். கார்பன் கணக்கில் லாபம் காட்டும் ஒரு திட்டம் பக்கத்து வீட்டு ஜன்னலில் எப்படித் தெரியும் என்று கேட்காத திட்டத்தாள் முழுமையான தாள் இல்லை.

நேர்மாறான எடுத்துக்காட்டு பால்மியட் ஆறு. உம்கேனியோடு அது சேரும் இடத்துக்குப் பக்கத்தில் குவாரி ரோடு மேற்குக் குடியிருப்பு இருக்கிறது, வெள்ளம் வந்தால் முதலில் அடிபடுவது அதுதான். அங்கே மாநகராட்சியும் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தவரும் குடியிருப்பு மக்களும் சேர்ந்து வெள்ள எச்சரிக்கைக்கு ஒரு வாட்ஸ்அப் குழு அமைத்திருந்தார்கள். 2022 ஏப்ரல் இரவில் அந்த எச்சரிக்கை போய்ச் சேர்ந்து மக்கள் வெளியேறினார்கள். கான்கிரீட் எதுவும் தேவைப்படாத வேலை, ஆனால் ஆட்களோடு பல ஆண்டு பழகிய பழக்கம் தேவைப்பட்டது.

சூலு கற்றுக்கொள்ளுங்கள். கூட்டத்தில் பேசும் அளவுக்கு வராவிட்டாலும், வணக்கம் சொல்லி, தண்ணீரை அமன்சி என்று சொல்லி, ஒருவர் கோபமாகப் பேசுகிறாரா கவலையாகப் பேசுகிறாரா என்று புரிந்துகொள்ளும் அளவுக்காவது. ஓடைகளைச் சுத்தம் செய்யும் சிஷ்லான்சிம்வெலோ திட்டத்தில் வேலை செய்பவர்கள் கரையோரத்திலேயே வாழும் மக்களின் கூட்டுறவுக் குழுக்கள். அவர்களோடு ஒரு நாள் போய் உண்ணிச்செடி வெட்டிப் பாருங்கள். ஒரு நாளில் எத்தனை மீட்டர் முடியும் என்ற எண் அங்கேதான் கிடைக்கும், அலுவலகத்தில் கிடைக்காது. அப்படியே சம்பளம் எப்போது வருகிறது என்றும் கேளுங்கள். நகராட்சி 30 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று நிதி மேலாண்மைச் சட்டம் சொல்கிறது. சேமிப்பு இல்லாத சின்னக் குழுவுக்கு அந்த 30 நாளே நீளம், டாக்சிக் காசு, கையுறை, புல்வெட்டிக்குப் பெட்ரோல் எல்லாம் முதல் நாளே வேண்டும். உங்கள் திட்டத்தில் மாதத்துக்கு இரண்டு முறை அளந்து பில் போடும் ஏற்பாடு இருந்தால் அந்தக் குழு உயிரோடு இருக்கும்.

எது கெடும்

ஆறேழு வரி போதும், நாற்பது வரி வேண்டாம். மழை முந்தி வந்தால்? இரும்பு மூடிகள் திருடுபோனால்? உள்ளூர் ஆட்களுக்கு வேலை தரவில்லை என்று களத்தை மறித்தால்? தேர்தல் வந்து கவுன்சிலர் மாறினால்? (உள்ளாட்சித் தேர்தல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை, 2021 நவம்பர் 1இல் ஒன்று நடந்தது.) ஒவ்வொன்றுக்கும் எதைப் பார்த்தால் அது வருகிறதென்று தெரியும், யார் பார்ப்பது, வந்தால் முதல் நாள் என்ன செய்வது. மாதம் ஒருமுறை அந்தத் தாளை எடுத்து வாசிக்காவிட்டால் எழுதியதே வீண்.

படிப்பும் கருவியும்

இவ்வளவையும் ஒரு முறை கையால் செய்து பார்த்த பிறகு சான்றிதழ் படியுங்கள், அப்போதுதான் பாடம் ஒட்டும். திட்ட மேலாண்மைக்கான உலகளாவிய பிஎம்ஐ அமைப்பின் தொடக்கநிலைக் கேப்எம் சான்றிதழுக்குப் பள்ளிப் படிப்பும் 23 மணி நேரத் திட்டமிடல் வகுப்பும் போதும். வேலை அனுபவம் கேட்க மாட்டார்கள். அதே அமைப்பின் மேல்நிலைப் பிஎம்பி சான்றிதழுக்கு 35 மணி நேர வகுப்போடு, பட்டம் இருந்தால் மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும், அவசரப்பட வேண்டாம். கட்டுமானப் பக்கம் போக நினைத்தால், திட்ட, கட்டுமான மேலாளர்களைப் பதிவு செய்யும் எஸ்ஏசிபிசிஎம்பி மன்றத்தில் பதிவு தேவைப்படும். உள்ளாட்சிப் பயிற்சிக்கென்றே எல்ஜிசெட்டா இருக்கிறது, அதன் பயிற்சி இடங்கள் அறிவிக்கப்படும்போது கவனியுங்கள்.

சும்மா கிடைக்கும் பாடப் புத்தகம் ஒன்று இருக்கிறது, யாரும் தொடுவதில்லை: எத்தெக்வினியின் ஐடிபி, ஆண்டுச் செயல்திட்டம், 2019இல் வெளியிட்ட டர்பன் காலநிலைச் செயல் திட்டம். மூன்றும் இணையத்தில் உண்டு. ஐடிபியில் உங்கள் வார்டு சம்பந்தப்பட்ட ஒரு வேலையைப் பிடித்து, அது ஆண்டுச் செயல்திட்டத்தில் எந்தக் காலாண்டு இலக்காக மாறுகிறது, ஆண்டறிக்கையில் அது முடிந்ததா, முடியாவிட்டால் என்ன காரணம் எழுதியிருக்கிறார்கள் என்று தொடர்ந்து தேடுங்கள். 2024இல் கையெழுத்தான காலநிலை மாற்றச் சட்டத்தையும் வாசியுங்கள். காலநிலையால் தன் ஊருக்கு என்ன ஆபத்து, என்ன செய்யப்போகிறோம் என்று நகராட்சிகள் எழுதியாக வேண்டும் என்கிறது அது. அதாவது இந்த வேலைக்கு ஆள் தேவை கூடப்போகிறது.

மென்பொருளுக்குக் காசு கொடுக்காதீர்கள். விரிதாள் ஒன்று, வரைபடத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் க்யூஜிஐஎஸ், சுவரில் ஒரு பெரிய நாட்காட்டி. போதும்.

அடுத்த பெரிய மழை பெய்த மறுநாள் காலை, தண்ணீர் வடிவதற்குள் ஒரு சாக்பீஸும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு உங்கள் தெருச் சிறுபாலத்துக்குப் போங்கள். ஈரக்கோட்டின் மேல் தேதியைப் போட்டுக் கோடு இழுங்கள். கீழ்ப்பக்க முதல் வீட்டுக் கதவைத் தட்டி, இதற்கு முன் தண்ணீர் எதுவரை வந்தது என்று அந்த வீட்டுப் பெரியவரைக் கேளுங்கள். அவர் சுவரில் கையை வைத்துக் காட்டும் உயரத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஏப்ரலில் நடக்கும் பட்ஜெட் கருத்துக் கூட்டத்துக்கு அந்த இரண்டு எண்களையும் படத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள், முடிந்தால் அந்தப் பெரியவரையும் கூட்டிக்கொண்டு.